போரடிக்குது: ஒரு ஆங்கில வினைச்சொல்லும் நாலு போர்களும்

போன தை மாசம் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம். வெண்ணாற்றுக் கரைப் பக்கம் சின்ன ஊர். மூணாம் நாள் சாயங்காலம் என் பொண்ணு திண்ணையில உட்கார்ந்துகிட்டு, "அப்பா, செம போரடிக்குது"ன்னு சொன்னா. பக்கத்துல வெத்தலை போட்டுக்கிட்டிருந்த பெரியப்பா தலையைத் தூக்காமலே கேட்டார்: "எங்க ஆத்தா அடிக்கிறாங்க? இப்பதான் மெஷின் வந்து அறுத்துப் போட்டுட்டுப் போயிடுதே!"

அவருக்கு அந்த வார்த்தையோட இன்னைய அர்த்தம் தெரியாம இல்லை. வேணும்னுதான் கேட்டார். ஆனா சொல்லிட்டு அவர் சிரிக்கலை. "நாப்பது வருஷத்துக்கு முன்னாடி இந்தத் திண்ணையில உட்கார்ந்து போரடிக்குதுன்னு சொல்லியிருந்தா, சரி நானும் வரேன்னு துண்டை எடுத்துக்கிட்டு நாலு பேர் களத்துக்குக் கிளம்பியிருப்பான்"னு மட்டும் சொன்னார்.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. ஒரே ஒலி, எத்தனை பொருள்னு எண்ண ஆரம்பிச்சேன். வைக்கோல் போர். அரசர்கள் போட்ட போர். பொழுது போகாத போர். கொல்லையில மோட்டாருக்குப் போட்ட போர். தஞ்சாவூர்க் காவிரிப் படுகையில இந்த நாலு போரும் ஒரே தெருவுல புழங்குது. முதல் ரெண்டும் தமிழ். பின்னது ரெண்டும் ஆங்கிலம், ஒரே எழுத்துகள் கொண்ட ஒரே வினைச்சொல். இந்தக் கட்டுரை அந்த நாலையும் பத்தி.

துளைக்கிற போர், சலிக்க வைக்கிற போர்

ஆங்கிலத்துல 'போர்' என்ற வினைக்கு மூத்த பொருள் துளையிடுதல். பழைய ஆங்கிலத்தில் இது 'போரியன்'. ஜெர்மன் மொழியில் இன்னைக்கும் துளையிடுவதற்கு 'போரென்'தான். லத்தீனில் துளையிடுதலுக்கு 'ஃபொராரே' என்ற சொல் இருக்கு. தபால்தலைத் தாளில் வரிசையா ஓட்டை போட்டிருப்பதை 'பெர்ஃபரேஷன்'னு சொல்றோமே, அது இந்த லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. மொழியியலாளர்கள் இவை எல்லாத்தையும் ஒரே குடும்பமா வைக்கிறாங்க. ஆக, ஆயிரம் வருஷத்துக்கு மேல இந்தச் சொல் மரத்தையும் பாறையையும் மண்ணையும் குடைஞ்சுகிட்டு இருந்திருக்கு.

மனுஷனைச் சலிக்க வைக்கிற பொருள் ரொம்பப் பின்னாடி வந்தது. 1760களில்தான் இங்கிலாந்தின் மேட்டுக்குடி ஆட்கள் எழுதிக்கிட்ட கடிதங்களில் அது தலை காட்டுது. அதுக்கு முன்னாடி ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலேயர்களுக்கு அலுப்பு இல்லையான்னா, இருந்தது. இந்தச் சொல் இல்லை, அவ்வளவுதான். துளையிடுற போரிலிருந்து இந்தப் போர் வந்ததா, அல்லது வேற மூலமா என்பது அகராதிக்காரர்களுக்குள் முடியாத வழக்கு. துரப்பணம் மாதிரி மெதுவா, விடாம, ஒரே இடத்தில் குடைகிற ஆளைப் பார்த்து வந்த உருவகம் என்பது பலரும் சொல்ற விளக்கம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா உறுதிப்பட்ட முடிவு இல்லை.

1852-53இல் டிக்கன்ஸ் எழுதிய 'பிளீக் ஹவுஸ்' நாவலில் டெட்லாக் சீமாட்டிக்கு நிரந்தர வியாதியே இந்தப் போர்தான். பெரிய மாளிகை, வேலை செய்ய ஆட்கள், சாயங்காலம் வரைக்கும் செய்ய ஒண்ணும் இல்லை. சொல் பிறந்த இடத்தையும் வளர்ந்த வீட்டையும் கவனிச்சு வச்சுக்குங்க. பின்னாடி நமக்குத் தேவைப்படும்.

இதோட உறவே இல்லாத இன்னொரு 'போர்'கூட ஆங்கிலத்துல உண்டு. கடல் ஏத்தத்தின்போது ஆத்து முகத்துல சுவர் மாதிரி எழும்பி மேலேறி வர்ற அலைக்கு அந்தப் பேர். கல்கத்தா பக்கம் ஹூக்ளி ஆத்துல அது பிரசித்தம். அலை என்று பொருள்படும் பழைய ஸ்காண்டிநேவியச் சொல்லில் இருந்து வந்ததுன்னு சொல்றாங்க. நம்ம காவிரி பூம்புகாரில் கடலைத் தொடும்போது அவ்வளவு ஆவேசமெல்லாம் காட்டாது. பாதி வருஷம் தண்ணியே காட்டாது. அந்தப் போர் நமக்கு வேண்டாம்.

'பண்ணு' இல்லாம 'அடி' ஏன்?

ஆங்கில வினையை நாம தமிழுக்குள்ள இழுக்கும்போது வழக்கமா 'பண்ணு' சேர்ப்போம். ட்ரை பண்ணு, கால் பண்ணு, மிஸ் பண்ணு. ஆனா 'போர் பண்ணாதே'ன்னு சொல்றவங்க குறைவு. 'போரடிக்காதே'தான். ஏன்?

எனக்கு முதல்ல தோணின பதில் இது. தமிழ்ல 'போரடி' என்ற கூட்டுச்சொல் ஏற்கெனவே தயாரா இருந்தது. நெல்லுப் போரை அடிக்கிறது. கல்லூரிக்குப் போன முதல் தலைமுறை விவசாய வீட்டுப் பிள்ளைங்க காதுல 'போர்'னு விழுந்ததும், நாக்கு தானா 'அடி'யைச் சேர்த்திருக்கும். காலியா இருந்த களத்துல புது நெல்லைக் கொட்டின மாதிரி.

அழகான விளக்கம்தான். ஆனா ரெண்டு விஷயம் அதுக்கு எதிரா நிக்குது. ஒண்ணு, 'அடி' நம்ம மொழியில எல்லாத்தோடயும் சேரும். வெயில் அடிக்குது, காத்து அடிக்குது, நாத்தம் அடிக்குது. ஆங்கிலச் சொல்லையும் விடாது: பெயின்ட் அடி, காப்பி அடி, சைட் அடி, டைப் அடி. ரெண்டாவது, யாழ்ப்பாணத் தமிழ்ல 'அலுப்படிக்கிறது'ன்னு ஒரு வழக்கு உண்டு. அங்க ஆங்கிலமும் இல்லை, நெல்லுப் போரும் இல்லை. அலுப்புக்கு 'அடி' போதும்னு தமிழ் தானே முடிவு பண்ணியிருக்கு. அதனால என் முதல் விளக்கத்தைப் பாதி விலைக்குத்தான் விக்க முடியும். நெல்லுப் போர் இந்தச் சொல்லைப் பெத்ததுன்னு சொல்ல மாட்டேன். வந்த சொல்லுக்கு உட்கார இடம் குடுத்தது, அவ்வளவு.

இன்னொண்ணும் நடந்திருக்கு. ஆங்கிலத்துல ஒருத்தர் இன்னொருத்தரைப் போர் செய்வார். செய்றவன் ஒருத்தன், படறவன் ஒருத்தன். தமிழ்ல 'எனக்குப் போரடிக்குது'. செய்றவனே இல்லை. பசிக்குது, குளிருது மாதிரி அது பாட்டுக்கு வந்து அடிக்குது. ஒரு ஆளோட குத்தமா இருந்ததை நாம வானிலையா மாத்திட்டோம்.

வேடிக்கை என்னன்னா, அலுப்பைச் சொல்ல நாம வச்சிருக்கிற மத்த சொற்களும் வயல் பக்கமே போகுது. பேசிக் கொல்றவனை 'அறுக்கிறான்', 'சரியான அறுவை'ன்னு சொல்றோம். பிளேடு, ரம்பம் எல்லாம் அதோட பிள்ளைகள். அறுக்கிறது வயல்ல நடக்கிற வேலை. மனசு 'சலிச்சுப் போச்சு'ங்கிறோம். சலிக்கிறது சல்லடையில நடக்கிற வேலை. அறுப்பு, போரடிப்பு, சலிப்பு. ஒரு நெல்லுமணி கதிரிலிருந்து வீட்டுக்கு வர்ற வழியில இருக்கிற மூணு வேலை. மூணும் இன்னைக்கு அலுப்புக்குப் பேர். வேர்ச்சொல் ஆராய்ச்சியில இவை ஒண்ணாகாது, தற்செயலான ஒலி ஒற்றுமைன்னே வச்சுக்கலாம். ஆனாலும் காதுல விழுந்தா மறக்க முடியலை.

களம் ரெண்டு, போர் ரெண்டு

தமிழ்ப் போருக்கு வருவோம். சண்டை என்ற பொருளில் வரும் போர், 'பொரு' என்ற வினையிலிருந்து வந்தது. பொருதல்னா மோதுதல். அலை கரையோட பொரும், வீரன் வீரனோட பொருவான். நெற்கதிரை அடுக்கி வச்ச குவியலுக்கும் போர்னுதான் பேர். சங்கப் பாட்டுல இது 'போர்பு'.

இந்த ரெண்டையும் பழைய புலவர்கள் தெரிஞ்சே சேர்த்துப் பிசைஞ்சிருக்காங்க. ஏன்னா 'களம்' என்ற சொல்லுக்கும் ரெண்டு பொருள்: நெற்களம், போர்க்களம். தொல்காப்பியம் வாகைத்திணையில ஏரோர் களவழி, தேரோர் களவழின்னு ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வைக்குது. உழவன் களத்தைப் பாடுறது ஒண்ணு, தேர் ஏறிப் போன வீரன் களத்தைப் பாடுறது இன்னொண்ணு. சோழன் செங்கணான் கழுமலத்தில் ஜெயிச்ச போரைப் பாடும் களவழி நாற்பதுக்கு அந்தப் பேரே இதிலிருந்து வந்ததுதான். புறநானூற்றில் இன்னும் கடுமை. அங்க யானைகள் எருதாகும், விழுந்து கிடக்கிற உடல்கள் கதிராகும், அரசன் உழவனாகி அதை மிதிக்க விடுவான்.

இங்க ஒரு சின்னத் திருத்தம் சொல்லணும். மாடு போதாம யானையைக் கட்டிப் போரடிச்சாங்கன்னு ஒரு பழம்பாட்டை எங்க ஊர்ல எல்லாரும் தஞ்சாவூர்ப் பெருமையா சொல்லுவாங்க. எங்க தமிழ் வாத்தியாரும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தார். ஆனா அந்தப் பாட்டுல வர்ற ஊர் மதுரை! நாங்க அதை எப்ப வெண்ணாறு தாண்டிக் கொண்டு வந்தோமோ தெரியலை. யானையை நெல்லுல இறக்கினா அது மிதிக்கிறதைவிடத் தின்கிறது அதிகமா இருக்காதான்னு பெரியப்பா கேட்பார். போர்க்களத்துல யானையை எருதாக்கின அந்தப் பழைய உருவகம்தான் சுத்திச் சுத்தி நெற்களத்துக்கே திரும்பி வந்திருக்கும்னு எனக்குத் தோணுது.

போரடின்னா உண்மையில என்ன?

பெரியப்பா சொன்னதை வச்சு எழுதுறேன். தை, மாசியில சம்பா அறுப்பு. அறுத்த கதிரை அரிஅரியாப் போட்டு, கட்டாக் கட்டி, தலைச்சுமையா களத்துக்குக் கொண்டு வருவாங்க. முதல்ல ஆளுங்க கையால அடிப்பாங்க. அது தலையடி. பெரும்பாலான நெல்லு அதுலயே உதிர்ந்துடும். மிச்சம் ஒட்டிக்கிட்டிருக்கிற தாளைப் போராப் போட்டு வச்சுடுவாங்க. சில நாள்ல உள்ள சூடேறி வேகும். கையை விட்டா சுடும். அப்புறம் பிரிச்சு வட்டமாப் பரப்பி, மாடுகளை வரிசையாப் பிணைச்சு மேல சுத்த விடுவாங்க. அதுதான் போரடி. சில பக்கம் சூடடிக்கிறதுன்னு பேர். ஈழத்துல சூடு மிதிக்கிறதுன்னு சொல்லுவாங்க.

நிலா வெளிச்சத்துல ராத்திரி முழுக்க நடக்கும். நடுவுல நிக்கிற மாடு இருந்த இடத்துலயே திரும்பும், ஓரத்து மாடு ஓடணும். பின்னாலயே ஒரு ஆள் சுத்துவான். மாடு சாணி போட வாலைத் தூக்கினா ஓடிப் போய் வைக்கோலை ஏந்திப் பிடிக்கணும், இல்லாட்டி நெல்லுல விழுந்துடும். விடிஞ்சதும் வைக்கோலை உதறி, நெல்லைக் காத்துல தூத்தி, பதரைப் பிரிச்சு, பொலி கட்டி, மரக்கால்ல அளப்பாங்க. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம்.

"சலிப்பா இருக்காதா பெரியப்பா?"ன்னு கேட்டேன். "இருக்கும்டா. ஆனா எனக்கு என்ன, நான் கட்டில்ல படுத்துக்கிட்டு நெல்லுக்குக் காவல் இருந்தேன். சுத்தினது அவங்கதானே"ன்னார்.

அந்தப் பதில்தான் என்னை உலுக்கிச்சு. டெட்லாக் சீமாட்டியை மறுபடி நினைச்சுக்குங்க. அலுப்புன்னு சொல்றதுக்கும் ஒரு வசதி வேணும்.

சுத்தினவங்க பண்ணையாள்கள். பெரும்பாலும் பள்ளர், பறையர் சமூகத்து மக்கள். நிலம் இல்லை, வருஷம் பூரா ஒரே பண்ணை. நாள் நாளா அவங்க செஞ்ச வேலைக்குக் கணக்கு தீர்ற இடம் களம்தான். கூலி நெல்லு, அளக்கிற கை பண்ணையோடது. எதிர்த்துப் பேசினா சவுக்கடி, சாணிப்பால். கதிரை அடிச்ச அதே ஊர்ல மனுஷனையும் அடிச்சாங்க. 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவங்க கீழத்தஞ்சையில் கட்டின விவசாயச் சங்கம் முதல்ல கேட்டதே இந்த ரெண்டு தண்டனையையும் நிறுத்தச் சொல்லித்தான். 1952இல் தஞ்சாவூருக்குன்னே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சண்டை ஓயலை. ஏன்னா கேள்வி இன்னும் களத்துல கிடந்தது: ஆளுக்கு எத்தனை படி?

1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள்ள அடைபட்டு 44 பேர் எரிஞ்சு போனாங்க. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதுதான் அந்தப் பகையின் தொடக்கம். அரைப்படி நெல்லுன்னு இன்னைக்கும் ஊர் சொல்லுது. குற்றஞ்சாட்டப்பட்ட நிலக்கிழார்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவிச்சது.

களம்னா போர்க்களம்தான்னு சங்கப் புலவர்கள் உருவகமாச் சொன்னாங்க. எங்க பக்கம் அது உருவகமா நிக்கலை. 'போராட்டம்' என்ற சொல்லுக்குள்ள எந்தப் போர் இருக்குன்னு கேட்டா இலக்கணம் சண்டைப் போர்னு சொல்லும். கீழத்தஞ்சையில் ரெண்டும் இருக்குன்னுதான் நான் சொல்லுவேன்.

கொல்லையில போட்ட போர்

நாலாவது போர் ஆழத்துல இருக்கு. துளையிடுற அந்தப் பழைய வினை தமிழுக்குள்ள பெயர்ச்சொல்லா வந்து, 'போடு'வோட சேர்ந்துகிச்சு. போர் போட்டாச்சு, போர்ல தண்ணி வருது.

எங்க தாத்தா காலத்துல இதுக்குத் தேவையே இல்லை. 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு ஜூன் 12னா அணை திறக்கும், ஆத்துல தண்ணி வரும், குறுவை நடுவாங்க. அந்த நம்பிக்கை உடைய உடைய போர் பெருகிச்சு. மணல்பாங்கான படுகை மண்ணுல ஃபில்டர் பாயின்ட் இறக்குறது சுலபம். 1990இல் விவசாய மின்சாரம் முழுக்க இலவசமாச்சு. அதே வருஷம்தான் காவிரி நடுவர் மன்றமும் அமைஞ்சது. ஆத்துத் தண்ணிக்கு வழக்கு, நிலத்தடித் தண்ணிக்கு மோட்டார். 2012 முதல் 2019 வரைக்கும் எட்டு வருஷம் ஜூன் 12க்கு மேட்டூர் திறக்கலை. 2020இல்தான் மறுபடி அந்தத் தேதியில திறந்தாங்க. அந்த எட்டு வருஷமும் குறுவை போட்டவன் போர் இருந்தவன்தான். போர் இல்லாதவன் வானத்தைப் பார்த்தான். கடலோரத்துல போர் போட்டவனுக்கும் நிம்மதி இல்லை, உப்புத் தண்ணி ஏறி வந்தது.

எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் போட்ட துளைகள் வேற கதை. காவிரிப் படுகையில அந்தத் தேடல் 1960களிலேயே தொடங்கிடுச்சு. 2010களில் மீத்தேன் எடுக்கப் போறாங்கன்னு பேச்சு வந்தப்ப, இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வார் ஊர் ஊராப் போய்ப் பேசினார். 2013 டிசம்பர் 30 அன்னைக்கு அந்தப் பிரச்சாரத்துக்கு நடுவுலதான் பட்டுக்கோட்டைப் பக்கம் இறந்து போனார். 2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமா அறிவிச்சுச் சட்டம் வந்தது. புதுசா எண்ணெய், எரிவாயுத் துளை போடுறதை அது தடுக்குது. போரியன் காலத்துலிருந்து வந்த ஒரு வினைச்சொல்லுக்கு, எங்க ஊருக்குள்ள நுழைய பாதித் தடை!

கடைசியா

மறுநாள் காலையில பொண்ணைக் கூட்டிக்கிட்டு பழைய களத்துமேட்டுக்குப் போனேன். களம் இருக்கு, போர் இல்லை. அறுவடை மெஷின் வயல்லயே அறுத்து, அடிச்சு, நெல்லைக் கொட்டிட்டுப் போயிடுது. வைக்கோலைச் சுருட்டுற மெஷின் பின்னால வந்து உருளை உருளையாக் கட்டிப் போடுது, லாரி ஏத்திக்கிட்டுப் போயிடுது. ஈர நெல்லு கொள்முதல் நிலையத்து வாசல்ல கிடக்கு. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலன்னா எடுக்க மாட்டாங்க. அதைக் காய வைக்க ஜனங்க தார் ரோட்டுல கொட்டிக் கிளறிக்கிட்டிருந்தாங்க.

அங்க நெல்லு கிளறிக்கிட்டிருந்த ஒரு வயசான அம்மாகிட்ட, போரடிச்சது ஞாபகம் இருக்கான்னு கேட்டேன். "ஏன் இல்லாம? காலெல்லாம் அரிக்கும். தூங்கக் கூடாது"ன்னாங்க. அந்தக் காலம் நல்லா இருந்ததான்னு கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, "வேலை போனது கஷ்டந்தான். அது திரும்பி வர வேண்டாம்"னாங்க. இந்த ரெண்டு வாக்கியத்துக்கும் நடுவுல இருக்கிற தூரத்தை எந்த அகராதியும் எழுதலை.

திரும்பி நடந்து வரும்போது பொண்ணு கேட்டா: "அப்ப போரடிக்குதுன்னு சொல்லக் கூடாதாப்பா?"

தாராளமாச் சொல்லலாம்னேன். அந்த அம்மாவோட பேத்தியும் இப்ப அதைச் சொல்லுவா. சொல்லட்டும். நம்ம பக்கம் அந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு பொருள் வர ரொம்ப நாள் ஆச்சு.